தொடக்கம் சொல்லாத எண்

டைம்ஸ்டாம்ப் 0-வை மாற்றினால் 1970 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணின்னு வரும். திண்டிவனத்தில் இருக்கும் எனக்கு அது காலை 5.30. எந்த ஊர் நேரம்னு சொல்லாத கன்வெர்ட்டரை நான் நம்புறதில்ல.

விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரம் கோயிலில் உள்ள ராஜேந்திர சோழன் கல்வெட்டுகளும் இதே மாதிரிதான்: மன்னரின் இத்தனையாவது ஆட்சியாண்டு. தொடக்கம் 1012, ஆனா முதல் ஆண்டு 0 இல்ல, 1. அதனால 10-ஆம் ஆண்டுன்னா 1022 இல்ல, 1021-22. ஒண்ணைக் கழிக்க மறந்தா வரலாறே ஒரு வருஷம் நகரும்.

1922-ல் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வெளியிட்ட ‘இந்தியன் எபிமெரிஸ்’ இங்கேதான் உயர்ந்து நிக்குது. கல்வெட்டில் திதி, நட்சத்திரம், கிழமை இருந்தா, கிடைச்ச தேதி சரியான்னு நாமே பார்த்துக்கலாம். விடை மட்டும் தர்ற கருவி பாதிக் கருவிதான்.