பிரட்டுத் தப்பும் 'மகிழ்ச்சி'யின் பறையும்

றொக் இசையை முதலாளித்துவ நுகர்வுப் பண்பாட்டின் இரைச்சலெனக் கருதி ஒதுக்கும் போக்கு நம் முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. ஆயின், ஒரு கலைவடிவத்தை அதன் பிறப்பிடங் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் இயங்கியல் நோக்குக்கு ஒவ்வாது. அவ்வடிவம் எவர் கைக்கு வந்து சேர்ந்தது, எதற்குப் பயன்படுகின்றது என்பனவே முதன்மையான வினாக்களாகும். 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னைக் குழுவின் முதலாவது இசைத்தொகுப்பான 'மகிழ்ச்சி'யை, இவ்வினாக்களுடன் மாத்தளையில் நின்று நோக்க முயல்கிறோம்.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்தை நினைவூட்டுவது. சாவீட்டிலும் தெருவிலும் வடசென்னையின் உழைக்கும் மக்கள் வளர்த்தெடுத்த கானாவே இவர்களது இசைக்கு அடித்தளம். திரையிசையில் பறை பெரும்பாலும் காட்சிக்கு நிறமூட்டவே வந்து போகும். இங்கோ பறை, சட்டி, கட்டமோளம் ஆகியன கிற்றாருக்கும் டிரம்ஸுக்கும் சமதையாக நின்று தாளக்கட்டையே தீர்மானிக்கின்றன. ஆடவர் துறையாகவே இருந்துவந்த கானாவை இசைவாணி பாடுவதும் இத்தகைய மாற்றமே. உள்ளடக்கம் பாடல் வரிகளில் மட்டுமன்றி, கருவிகளின் உறவிலும் உறைகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்திலேயே மாத்தளை நம் கவனத்தைக் கோருகின்றது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியிற் பலரை நோய்க்கும் பசிக்கும் பறிகொடுத்து, இம்மண்ணை அடைந்த கோப்பித் தோட்டத் தொழிலாளருடன் தப்பும் வந்தது. தோட்டத்தில் அதற்கு இரு வாழ்வுகள் வாய்த்தன. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்ததும் அதுவே; காமன் கூத்திலும் சாவிலும் அம்மக்களின் களிப்பையும் துயரையும் ஒலித்ததும் அதுவே. ஒடுக்கப்பட்டோரின் கருவியைக் கொண்டே அவர்களது வேலைநாளை மூலதனம் தொடக்கிவைத்தது. அக்கருவியை உழைப்பாளரின் குரலாக மீட்டெடுக்கும் முயற்சி என்ற வகையில் 'மகிழ்ச்சி' நமக்கு அயலானதன்று.

குழுவின் பாடகருள் ஒருவரான அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்ட அம்மக்களின் நினைவு, 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி'யாக உலகெங்கும் ஒலித்தது. அப்பாடலால் தமக்கு வருமானம் எதுவும் கிட்டவில்லையென அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் பகிரங்கமாகக் கூறினார். பாட்டு எவருடைய உடைமை என்னும் வினாவை, எதிர்ப்புப் பாடலும் தப்பிவிட முடியாது.

குழுவின் குறைபாட்டையும் சுட்டுதல் வேண்டும். சாதி இழிவுக்கு எதிரான தன்மானக் குரலாக வலுவுடன் எழும் இவ்விசை, கூலி, நிலம் ஆகிய உற்பத்தி உறவுகளை அதே வலுவுடன் பற்றிக்கொள்ளவில்லை. கங்காணி முறையையும் லயத்தையும் அறிந்த மலையகத்தாருக்குச் சாதியும் வர்க்கமும் வெவ்வேறு கதைகள் அல்ல. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாடிச் சிறு நூல்களாகத் தோட்டந்தோறும் கொண்டுசென்றமையும், சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தமையும் அவ்வறிவின் பேறுகளே.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி, 2023 ஓகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்றது. அவ்வழி நெடுகிலும் கிடக்கும் பாடல்களைச் சேகரித்து, அவற்றைப் பாடியோரின் உரிமையை உறுதிசெய்து, புதிய இசையில் வழங்குவோர் நம்மிடையே தோன்றுதல் வேண்டும். 'மகிழ்ச்சி' அவர்களுக்கு முன்மாதிரியாக அமையாவிடினும், நல்லதொரு தூண்டுகோலாக அமையும் என்பதில் ஐயமில்லை.