மலையகமும் கிறிஸ்தவக் கீர்த்தனையும்: மன அமைதி பற்றிய ஒரு நோக்கு

கண்டியைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களின் பண்பாட்டு வாழ்வை ஆராய்ந்தோர் தப்பொலியையும் காமன் கூத்தையும் ஒப்பாரியையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அதே லயங்களில் பாடப்பட்டு வந்துள்ள கிறிஸ்தவக் கீர்த்தனை அத்துணை கவனத்தைப் பெறவில்லை. தோட்டத் தமிழருட் கிறிஸ்தவர் சிறுபான்மையினர் என்பது இதற்கொரு காரணம். மற்றைய காரணம் நமது விமரிசன மரபிலேயே உள்ளது. அமைதி பேசும் இலக்கியம் யாவும் போராட்ட உணர்வை மழுங்கடிப்பது என முற்போக்கு விமரிசகர், நாம் உட்பட, முன்கூட்டியே தீர்மானித்துவிட்டோம். அத்தீர்மானம் மீள்பரிசீலனைக்குரியது என்றே நாம் கருதுகின்றோம்.

நமது ஐயம் அடிப்படையற்றதன்று. ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854இல் கண்டிப் பகுதியில் தொடங்கப்பட்டபோது, கோப்பித் தோட்டத் துரைமாரின் பண உதவி அதற்குக் கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோறும் சென்று போதித்தனர். குடியைத் துறந்து, காலைப் பிரட்டுக்குத் தவறாது வந்து, முறையிடாது உழைக்கும் தொழிலாளி துரைக்கு வேண்டப்பட்டவனே. ஊதியம் உயராமலே ஒழுங்கு உயருமாயின் அதற்குச் சந்தா கொடுப்பதில் அவருக்கு நட்டம் எதுவுமில்லை. மனிதரைக் ‘கூலி’ என்றே குறித்த அம்மிஷனின் பெயர் அக்காலத்து வர்க்க உறவுகளை மறைக்கவுமில்லை.

ஆயின் உபதேசியார் தம்முடன் கொணர்ந்த பாடல் துரைமாரின் படைப்பன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் வளர்த்த தமிழ்க் கீர்த்தனை மரபு அது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அம்மரபுப் பாடல்களைச் சபை வழிபாட்டிற்கெனத் தொகுத்து 1853இல் வெளியிட்டார். அதாவது, கண்டி மிஷன் தோன்றுவதற்கு முந்திய ஆண்டிலேயே தமிழ்ச் சபைகளின் கையில் ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தது.

இதனோடு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் (1894) சேர்த்து நோக்குதல் பயன் தரும். தோட்டத் தொழிலாளர் அக்காப்பியத்தைப் படித்தனர் என்று நாம் கூற வரவில்லை. அதன் நடை அவர்களுக்கு எட்டாதது. ஆயினும் ஜோன் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் விரித்த யாத்திரை உருவகம், திருநெல்வேலிக் கிறிஸ்தவ உலகின் பொதுச் சொத்தாகும். அவ்வுருவகம் கண்டி மலைகளில் வேறொரு பொருளைப் பெறுகின்றது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடந்து, நோய்க்கு உற்றாரைப் பறிகொடுத்து வந்த ஒரு மக்கட்கூட்டத்திற்கு யாத்திரை என்பது வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது. நடந்த பாதை முன்னரே உண்மையாயிருந்தது. அதற்கொரு முடிவிடத்தைப் பாடல் கொடுத்தது.

இனி வடிவத்தைப் பார்ப்போம். கீர்த்தனையில் சரணம் துன்பத்தைச் சொல்லும். பல்லவி அடைக்கலத்தைச் சொல்லும். ஒவ்வொரு சரணத்தின் பின்னும் பாடுவோர் பல்லவிக்கு மீள்கின்றனர். எத்துணை தூரம் துயரத்துட் சென்றாலும் திரும்பி வர ஓரிடம் உண்டு என்னும் உறுதியை, பொருளுக்கு முன்னதாக, அமைப்பே தந்துவிடுகின்றது. அதுவும் தனித்தல்ல, கூட்டாக. ஒப்பாரியில் இத்தகைய மீட்சி இல்லை. அது இழப்பை அடுக்கிக்கொண்டே சென்று தொண்டை வற்றும்போது நிற்கின்றது. ஆகவே கீர்த்தனை தரும் அமைதி துயரத்தை மறுப்பதன் விளைவன்று. துயரத்தைச் சொல்லியபின் மீளுவதன் விளைவாகும். இதனைக் கவனியாது ‘அபின்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது விமரிசனமாகாது. 1844இல் வெளியான கட்டுரையில் மார்க்ஸ் அவ்வொப்புமையைக் கையாண்ட அதே பந்தியில், சமயத் துயரம் மெய்யான துயரத்திற்கெதிரான எதிர்ப்புமாகும் என்ற கருத்தையும் முன்வைத்தார். நம்மவர் முற்பாதியை மறந்து பிற்பாதியை மட்டும் மனனஞ் செய்துகொண்டனர்.

கீர்த்தனையின் குறை அதன் சொல்வளத்தில் உள்ளது. அதன் சரணங்களில் புயலும் அலையும் இருளும் பாவமும் வருகின்றன. துரையும் கங்காணியும் வருவதில்லை. தொழிலாளியைக் கடனால் பிணைத்து, 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறைக்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. நேர்மாறாக, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணி பெயர் சொல்லியே ஏசப்படுகின்றான். நாட்டார் பாடல் பகைவனை அறியும், ஆறுதலை அறியாது. கீர்த்தனையோ ஆறுதலை அறிந்தும், துயரின் காரணத்தை இயற்கையின் சீற்றமாகவோ தன் பாவமாகவோ மாற்றிவிடுகின்றது. துரைமாரின் சந்தா வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்றெனலாம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இக்குறை வெறும் இலக்கியக் குறையாக இருக்கவில்லை. 1973–74இன் பட்டினி, 1975இன் தோட்ட தேசியமயம், 1977இன் வன்செயல் என ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றங்கள் வந்து விழுந்தன. கண்டிப் புகையிரத நிலையத்தில் தலைமன்னாருக்குப் புறப்பட்டோரும் வழியனுப்ப வந்தோரும் அழுத அழுகையால் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று. குடியுரிமைப் பத்திரம் ஒரு குடும்பத்தை இரு நாடுகளுக்குப் பங்கிடும்போது, அதனைப் புயலென்று பாடினாற் போதுமா?

இக்கேள்விக்குத் திருச்சபைக்குள்ளிருந்தே ஒரு விடை எழுந்தது. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்தியோதய நிலையம், தோட்டத் தொழிலாளரின் கூலி, வாழ்நிலை, குடியுரிமை என்பவற்றை விசுவாசத்தின் விடயங்களாகவே எடுத்துக்கொண்டது. சிங்களவரும் தமிழரும் அங்கு ஒருங்கே பணியாற்றினர். அமைதி அங்கே அநீதியைப் பெயரிட்டுச் சொல்வதற்கான மனவுறுதியாயிற்று. ஆயினும் அதன் மொழி பெரிதும் ஆய்வினதும் கருத்தரங்கினதும் மொழியே. அது லயத்தின் பல்லவியாக மாறிற்றா என்பது வேறு கேள்வி.

அதற்கு விடை காண அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் போதா. நாட்டார் பாடலுக்கு வேலுப்பிள்ளை செய்ததைக் கீர்த்தனைக்கும் எவரேனும் செய்தல் வேண்டும். எந்தச் சரணங்களை மக்கள் விட்டுவிட்டனர், எவற்றை இருமுறை பாடுகின்றனர், சாவு வீட்டில் எது, பிரிவின்போது எது என்பன தோட்டந்தோறும் கேட்டுப் பதியப்படவேண்டியவை. பேராதனையிலிருந்து கலகாவும் ஹேவாஹெட்டையும் தூரமல்ல. பாடத் தெரிந்த மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர்.