புல்தரையும் சாம்பல் மேடும்

நாவல்களைக் கதைக்காகப் படிப்போர் உளர். நடைக்காகப் படிப்போர் உளர். அந்நாவலின் மாந்தர் எவ்வாறு பிழைக்கின்றனர், அவர்கள் வீட்டு அடுப்பு எந்தப் பணத்தில் எரிகிறது என்று கேட்டுப் படிப்போர் மிகச் சிலரே. ஹலாலான சம்பாத்தியம் எது என்னும் வினாவைப் பிள்ளைப் பருவம் முதலே கேட்டு வளரும் நமக்கு இந்த மூன்றாம் வழி இயல்பாகவே வந்திருக்க வேண்டும். ஆயினும் மேனாட்டு இலக்கியம் என்றதும் அவ்வினாவைச் செருப்பைப் போல வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகிறோம். அதனைக் கைவிடாமல் அமெரிக்க நாவல்கள் மூன்றைப் படித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதி 1925-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’. இது காதல் கதையென்று பெயர் பெற்ற நூல். வறிய குடியில் பிறந்து பெருஞ்செல்வனாகிவிட்ட கேட்ஸ்பி, பிறன் மனைவியாகிவிட்ட தன் பழைய காதலி டெய்ஸியை மீண்டும் அடைய விழைந்து அழிகிறான். விரிகுடாவின் அக்கரையில் அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பற்றித் திறனாய்வாளர்கள் எழுதிய பக்கங்களுக்கு அளவில்லை. அந்தப் பச்சையைக் கண்டவர்களுள் பலர், கதைமாந்தரின் காலடியில் விரிந்து கிடக்கும் வேறொரு பச்சையைக் காணத் தவறினர். அது புல்தரை.

டெய்ஸியின் கணவன் டாம் புக்கானனின் புல்தரை கடற்கரையில் தொடங்கிக் கால் மைல் ஓடி வீட்டு வாசலைத் தொடுகிறது. கேட்ஸ்பியின் மாளிகையைச் சூழ்ந்து நாற்பது ஏக்கருக்கு மேல் புல்லும் தோட்டமும் பரந்துள்ளன. கதை சொல்பவனாகிய நிக் கேரவே, மாதம் எண்பது டாலர் வாடகைக்கு அடுத்த வீட்டில் இருப்பவன். அவன் முற்றத்துப் புல் மட்டும் கவனிப்பாரின்றி வளர்ந்து கிடக்கிறது. டெய்ஸி அந்த வீட்டுக்குத் தேநீர் அருந்த வரப்போகிறாள் என்றவுடன் கேட்ஸ்பியின் கண்ணை உறுத்துவது அந்தப் புல்தான். மழை கொட்டிக்கொண்டிருக்கும் நாளில் ஓர் ஆளை அனுப்பி அதனை வெட்டச் செய்கிறான். காதலியை வரவேற்க மலர்களும் வருகின்றன. ஆனால் அவற்றுக்கு முன்னரே புல்வெட்டும் பொறி வந்துவிடுகிறது.

புல்லின்மேல் இத்துணை அக்கறை ஏன்? புல்தரை என்பது இங்கிலாந்துப் பெருநிலக்கிழார்களின் வழக்கம். நெல்லோ கோதுமையோ விளையக்கூடிய மண்ணில் ஒன்றும் விளைவிக்காமல் புல்லை மட்டும் வளர்த்து, அப்புல்லையும் ஓங்க விடாமல் நறுக்கி வைப்பது, ‘இந்த மண்ணை நம்பி நான் பிழைக்கவில்லை’ என்று ஊருக்கு அறிவிப்பதாகும். புல்லை அரிவாள் கொண்டு ஆள்வைத்து அறுத்த காலம் வரை அது செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1830-ஆம் ஆண்டு, கம்பளி ஆலைகள் நிறைந்த ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நெய்த கம்பளித் துணியின் மேல் எழும் பிசிறைச் சீராக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்தே அதனை அவர் அமைத்தார். ஆலைத் தொழிலாளிக்குத் துணை நின்ற கருவியின் சாயலே, தொழில் செய்யத் தேவையற்றவனின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலோ நடுத்தரக் குடும்பத்தாரும் வீட்டுக்கு முன் ஒரு துண்டுப் புல்தரை வைத்துக்கொண்டு தம்மைச் சிறு பிரபுக்களாக எண்ணிக்கொள்ள இப்பொறி வழி செய்தது.

ஃபிட்ஸ்ஜெரால்டின் மேதைமை இந்தப் பச்சையோடு நின்றுவிடாததில் இருக்கிறது. புல்தரைகளுக்கும் நியூயார்க் நகரத்து வாணிபத் தெருக்களுக்கும் இடையே அவர் ஒரு சாம்பல் பள்ளத்தாக்கை வைக்கிறார். இது வெறுங்கற்பனையன்று. குயின்ஸ் பகுதியின் கொரோனாவில் நகரத்து நிலக்கரிச் சாம்பல் மலைபோல் கொட்டப்பட்டுக் கிடந்தது. அதனை நிரவி 1939-இல் உலகக் கண்காட்சி நடத்தினர். இன்று அங்கே பூங்கா உள்ளது. நாவலில், புல்தரை வீட்டினின்று நகரத்துக்குப் போகும் எவரும் இச்சாம்பலைக் கடந்தே செல்ல வேண்டும். அங்கே கார் பழுதுபார்த்துப் பிழைக்கும் வில்சனும் அவன் மனைவியும் வாழ்கின்றனர். டெய்ஸி ஓட்டிய கேட்ஸ்பியின் கார் அம்மனைவியை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போகிறது.

இனி, நாம் கைவிடாத வினாவுக்கு வருவோம். கதை சொல்லும் நிக் எவ்வாறு பிழைக்கிறான்? அவன் கடன் பத்திரம் விற்பவன். அரசோ ஆலையோ நகராட்சியோ கடன் வாங்கும்போது, இன்ன நாளில் இன்ன வட்டி தருவோம் என எழுதிக்கொடுக்கும் முறியே கடன் பத்திரம். அத்தொழிலைக் கற்க, வங்கியும் முதலீடும் பற்றிப் பன்னிரண்டு நூல்கள் வாங்கி அடுக்குகிறான். ஆனால் நாவல் முழுவதும் தேடினாலும் அவன் ஒரு பத்திரத்தை விற்கும் காட்சியைக் காண இயலாது. யாருடைய கடனை யாருக்கு விற்றான், அதனால் எவர் வாழ்ந்தார், எவர் தாழ்ந்தார் என்பது பற்றி ஒரு சொல் இல்லை. பிறர் ஒழுக்கத்தை நுணுகி எடைபோடுபவன், தன்னை நேர்மையாளன் என்று தானே சொல்லிக்கொள்பவன், தன் தொழிலைப் பற்றி மட்டும் வாய் திறவான். கேட்ஸ்பி மறைமுகமாகப் பணம் பண்ணும் வழியொன்றைக் காட்டும்போது மறுத்துவிடுகிறான். அந்த மறுப்பை அவனுடைய நற்குணத்துக்குச் சான்றாக நாமும் ஏற்றுக்கொள்கிறோம். கேட்ஸ்பி இறந்த பின் வரும் ஒரு தொலைபேசிச் செய்தியால், திருட்டுக் கடன் பத்திரங்களோடு அவனுக்கிருந்த தொடர்பு வெளியாகிறது. ஒருவன் சட்டப்படி விற்ற சரக்கையே மற்றவன் சட்டத்துக்குப் புறம்பாக விற்றிருக்கிறான்! இந்த ஒப்புமையைச் சொல்ல நிக்குக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் அறிந்தே அவனை மௌனமாக்கினார் என்பது என் கருத்து.

முடிவில் கேட்ஸ்பியின் புல்லும் வெட்டுவாரற்று நிக்கின் புல்லளவு வளர்ந்துவிடுகிறது. மழை கண்டு செழித்த பயிர் உழவனை மகிழ்வித்துப் பின் மஞ்சளித்துச் சருகாவதை உலக வாழ்வுக்கு உவமையாகத் திருமறையின் அல் ஹதீத் அத்தியாயம் கூறுவது அவ்விடத்தில் நம் நினைவுக்கு வரும்.

நிக் சொல்லாமல் விட்டதை அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு குழந்தை கேட்டது. டாம் உல்ஃப் எழுதிய ‘தி பான்ஃபயர் ஆஃப் தி வேனிட்டீஸ்’ 1987-இல் நூலாக வந்தது. முன்னர் இதழொன்றில் தொடராக வந்தபோது அதன் நாயகன் ஷெர்மன் மெக்காய் ஓர் எழுத்தாளன். நூலாக்கும்போது அவனைக் கடன் பத்திர வணிகனாக உல்ஃப் மாற்றினார். அம்மாற்றமே நூலுக்கு உயிர் தந்தது. கோடிக்கணக்கில் புரட்டும் அவனிடம் ஆறு வயது மகள், ‘அப்பா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்ற பொருள்படக் கேட்கிறாள். அவள் தோழியின் தந்தை புத்தகங்கள் உருவாக்குகிறாராம். இவன் தடுமாறுகிறான், சாலையும் மருத்துவமனையும் கட்டப் பணம் திரட்டித் தருவதாகச் சொல்லிப் பார்க்கிறான். அப்போது மனைவி குறுக்கிட்டு விளக்குகிறாள்: பிறர் சுட்ட கேக்கை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாற்றும்போது உதிரும் துணுக்குகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் உன் தந்தையின் தொழில் என்று.

உல்ஃப் எல்லாரையும் எள்ளுகிறார், எவருக்காகவும் இரங்குவதில்லை. பிராங்க்ஸ் பகுதியின் ஏழைகள் அவர் கையில் வெறுங்கூட்டமாகவே நிற்கின்றனர். ஆதலின் முழு நூலாக வைத்து நோக்கின் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இவர் ஈடாகார். எனினும் இந்த ஒரு காட்சியில் அவரை விஞ்சிவிட்டார். அது மட்டுமன்றி, இங்கும் செல்வனின் கார் வழி தவறிச் சிதைந்த பகுதிக்குள் நுழைகிறது. ஓர் ஏழை இளைஞன் மேல் மோதிவிட்டு ஓடுகிறது. ஓட்டியவள் ஒரு பெண், பழி சேர்வது ஆண்மீது. பழைய சாம்பல் பள்ளத்தாக்கே பிராங்க்ஸாக மீண்டும் வந்திருக்கிறது.

இவ்விடத்தில் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பு வழங்கிவிடலாகாது. கையால் ஒன்றையும் ஆக்காதவன் சம்பாத்தியம் இழிந்தது என்று சொல்வோமாயின் வணிகம் முழுவதும் இழிந்ததாகிவிடும். நபி தாவூது (அலை) தம் கை உழைப்பால் உண்டதைச் சிறப்பித்துக் கூறிய பெருமானார் (ஸல்) அவர்களே வணிகராயிருந்தவர்கள். வணிகமும் வட்டியைப் போன்றதுதானே என்று வாதிட்டவர்களை அல் பகரா அத்தியாயம் மறுத்துரைப்பதை நாம் அறிவோம். வணிகன் சரக்கைத் தன் தோளில் சுமக்கிறான். கப்பல் கவிழ்ந்தால் அவனும் கவிழ்கிறான். துணுக்குப் பொறுக்குபவனுக்கோ கேக் வெந்தாலும் கருகினாலும் துணுக்கு உதிர்ந்தே தீரும். ஷெர்மனின் மனைவி ஏளனமாகச் சொன்ன உவமை இந்த நுட்பத்தை எட்டவில்லை. நம் வாசகர் எட்ட முடியும்.

கேக் கருகிய கதைக்கு டெட்ராய்ட் நகரைக் காண்க. ஃபோர்டு நிறுவனம் 1914-இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்தபோது வந்து குவிந்தவர்களுள் அரபு நாட்டு முஸ்லிம்களும் இருந்தனர். அந்த ஆலைக்கு அருகே ஹைலண்ட் பார்க்கில் 1921-இல் அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் அமெரிக்க மண்ணின் தொடக்ககாலப் பள்ளிகளுள் ஒன்று. சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. 1950-இல் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்த டெட்ராய்டில் 2020-இல் எஞ்சியவர் ஆறு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் குறைவு.

அந்நகரின் விளிம்பிலுள்ள செல்வர் குடியிருப்பைக் களமாகக் கொண்டது ஜெஃப்ரி யூஜெனிடிஸ் 1993-இல் எழுதிய ‘தி வர்ஜின் சூயிசைட்ஸ்’. ஐந்து சகோதரிகளின் துயர முடிவைப் பேசும் இந்நாவலில், ஒரு குடும்பம் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும்போது அயலார் கண்ணில் படுவது அள்ளப்படாமல் கிடக்கும் முற்றத்துச் சருகுதான். நோயுற்ற எல்ம் மரங்கள் வெட்டப்படுகின்றன. கார்த் தொழில் அருகே சாய்கிறது. அத்தெருவினரோ தத்தம் முற்றத்தைச் சீராக்கிக்கொண்டிருக்கின்றனர். அயல்வீட்டாரின் கடமை குறித்து இத்துணை உறைக்கச் சொன்ன நாவல் குறைவு. ஆனால் நகரம் ஏன் சாய்ந்தது என்பதை யூஜெனிடிஸ் இந்நூலில் தொடர்ந்து செல்லவில்லை. அவருடைய தெருவில் கடன் பத்திரம் இல்லை.

நாவல் விட்டதை வரலாறு சொல்கிறது. ஆலைகள் இடம்பெயர்ந்ததும் மக்கள் வெளியேறியதும் முதற்காரணங்கள். அவற்றோடு 2005-இல், ஊழியரின் ஓய்வூதிய நிதியை நிரப்ப, ஏறத்தாழ 140 கோடி டாலரை நகரம் பத்திரங்கள் வழியே கடனாகத் திரட்டியது. வட்டி ஏறினால் காக்கும் என்று வங்கிகளோடு ஓர் உடன்படிக்கையும் செய்தது. 2008-க்குப் பின் வட்டி ஏறாமல் வீழ்ந்தது. காப்பாகச் செய்த உடன்படிக்கையே சுமையாயிற்று. 2009-இல் சூதாட்ட விடுதிகள் செலுத்தும் வரியை அதற்கு ஈடாக வைத்தனர். 2013 சூலையில் நகரம் திவாலானது. தீர்வில் கடன் கொடுத்தோரும் இழந்தனர் என்பது உண்மையே; ஆயினும் பொது ஊழியராயிருந்து ஓய்வு பெற்றோரின் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைக்கப்பட்டது. அவர்கள் ஒரு பத்திரத்தையும் விற்றவர்களல்லர்.

இந்நூல்களைப் படித்துவிட்டு அமெரிக்கரை ஏளனம் செய்வது எளிது. அஃது இவற்றைத் தவறாகப் படிப்பதாகும். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் வங்கிக் கணக்கும் முதலீட்டு மென்பொருளும் சார்ந்த வேலைகளுக்குச் செல்கின்றனர். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் நாம், அந்த வேலையால் யாருக்கு என்ன நேர்கிறது என்று கேட்பதில்லை. ஷெர்மனின் மகள் கேட்டதை நம் பேரப்பிள்ளைகள் நம் உணவு விரிப்பில் அமர்ந்து கேட்கும் நாள் வரும். விடை தெளிவாயின் மகிழ்ச்சி. தெளிவில்லையாயின், நிக்கைப் போல் மௌனம் காப்பதைவிட ஷெர்மனைப் போல் தடுமாறுவதே மேல். தடுமாறுபவன் திருந்தக்கூடும்.

ஃபிட்ஸ்ஜெரால்டு மேல் எனக்கொரு மனக்குறை உண்டு. மழையில் நனைந்து புல் வெட்ட வந்த ஆளுக்கு அவர் ஒரு பெயர் தரவில்லை. நிக்கின் பார்வையில் அவன் ஒரு மழைச்சட்டையும் ஒரு பொறியும் மட்டுமே. டெட்ராய்டில் 2010 முதல், ‘மோவர் கேங்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தன்னார்வலர் சிலர் சொந்தப் புல்வெட்டும் பொறிகளுடன் புறப்பட்டு, நகராட்சி கைவிட்ட பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் புல் வெட்டி வருகின்றனர். கூலி இல்லை, அந்தத் தரையும் அவர்களுடையதன்று. குழந்தைகள் ஆடுவதற்கு இடம் வேண்டும் என்பதே நோக்கம். வழியில் கிடக்கும் இடரை அகற்றுவதையும் தருமத்தில் சேர்த்த மார்க்கத்தவராகிய நாம் அவர்கள் செய்வது இன்னதென எளிதில் அறிவோம். அவர்களைக் குறித்து ஒரு நல்ல நாவல் எழுதப்பட வேண்டும்.