பயிற்றுநருக்கு வேண்டுவது காலம்

1980 ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக் ஹொக்கி இறுதியாட்டத்திலே ஸ்பெயினை 4–3 என வென்று, இந்தியாவுக்கு அவ்விளையாட்டில் எட்டாவது தங்கத்தை ஈட்டித் தந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை லயோலாக் கல்லூரியின் பழைய மாணவரான வாசுதேவன் பாஸ்கரன் என்பதில் தமிழர் பெருமிதங் கொள்வது நியாயமே. ஆயினும் அந்த விஜயத்தைக் காட்டிலும், அவர் பிற்காலத்தில் ஏற்ற பயிற்றுநர் பணியே நாம் ஆராய்ந்து கற்கத் தக்கது என்பது என் துணிபு.

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த இந்திய அணி, ஆர்ஜென்டீனாவை 3–0 என வீழ்த்தி, அவுஸ்திரேலியாவோடு அதன் சொந்த மண்ணிலேயே 2–2 எனச் சமன் செய்து, போலந்தை வென்றால் அரையிறுதி என்னும் நிலையை எய்தியது. ஒரு கோல் முன்னிலையில் நின்ற அவ்வணி, ஆட்டம் முடியுந் தறுவாயில் ஒரு கோலை விட்டுக்கொடுத்து, ஈற்றில் ஏழாமிடத்துக்கு இறங்கியது. மொஸ்கோவிலும் இதே போலந்தோடு பாஸ்கரனின் அணி 2–2 எனச் சமநிலையே கண்டது. ஆனால் அங்கே தலைவர் களத்தினுள் நின்று அடுத்த ஆட்டங்களில் அதனை ஈடுசெய்தார். பயிற்றுநருக்கோ எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதன்றி வேறு மார்க்கமில்லை.

வெளியே நிற்பவர் தம் வித்தையைப் பிறருக்குக் கற்பிப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு, பாஸ்கரன் ஆடிய லெப்ட் ஹாஃப் ஸ்தானத்தையே எடுத்துக்கொள்வோம். எதிரணியின் வலது விங்கர் பக்கக்கோட்டை ஒட்டி விரைந்து வருகையில், தடுப்பவர் தம் இடப்புறத்தில் மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, முழங்காலை மடித்துத் தாழ்ந்து, இடக்கை மணிக்கட்டின் பலத்தால் பந்தை மறித்தாக வேண்டும். வருஷக்கணக்கான அப்பியாசத்தால் தேகத்தில் ஊறிய அவ்வித்தையை, காலடி வேறு, மணிக்கட்டு வேறு எனப் பிரித்து, பிறனொருவன் தேகத்தில் ஏற்றுவதே போதனை. அதற்கு அவகாசம் இன்றியமையாதது.

அந்த அவகாசத்தைப் பெற்றவர் அவுஸ்திரேலியாவின் ரிக் சார்ள்ஸ்வர்த். 1976 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற இவ்வீரர், 1993 முதல் 2000 வரை தம் நாட்டு மகளிர் அணி ஒன்றையே பயிற்றி, இரு ஒலிம்பிக் தங்கங்களையும் இரு உலகக் கிண்ணங்களையும் ஈட்டினார். இந்தியாவிலோ, 2002 உலகக் கிண்ணப் போட்டி நடந்துகொண்டிருக்கையிலேயே பயிற்றுநர் செட்ரிக் டிசூசா நீக்கப்பட்டார். 2006 இல் மீண்டும் அழைக்கப்பட்ட பாஸ்கரன், உலகக் கிண்ணத்தில் பதினோராமிடம், டோஹா ஆசிய விளையாட்டில் ஐந்தாமிடம் என்ற முடிவுகளோடு அடுத்த ஆண்டே விலக நேர்ந்தது. அம்முடிவுகளில் அவருக்குப் பொறுப்பில்லை என்று நான் வாதிடவில்லை. அடிக்கடி ஆசிரியரை மாற்றும் பாடசாலை மாணாக்கரின் தோல்வியை ஆசிரியர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது தர்மமாகாது என்கிறேன்.

இது கொழும்புக்கும் பொருந்தும். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகளை மாலைதோறும் மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர், ஒரு பருவத்துக் கிண்ணம் கைநழுவியதுமே பயிற்றுநரை மாற்றச் சொல்லிப் பாடசாலை நிர்வாகத்தை நெருக்குதல் ஆகாது. பழைய வீரர் ஒருவரைப் பயிற்றுநராக நியமிக்கும் கழகமும் பாடசாலையும், நான்கு ஆண்டுகளை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யட்டும். அவர் கையில் பதினான்கு வயதில் மட்டை பிடித்த சிறுவன் பதினெட்டு வயதில் எப்படி ஆடுகிறான் என்று பார்த்து, அதன்பின் தீர்ப்புச் சொல்லட்டும்.