பலிபானவும் வல்லிபுரமும்

துப்பறியும் நாவல் என்றதும் ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் நினைந்து புன்னகை புரிவது நம்மிடையே வழக்கம். அவ்வகை நாவல்களிற் கொன்றவன் யார் என்பதே வினா. மைக்கேல் ஒண்டாச்சி 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘அனில்ஸ் கோஸ்ற்’ அவ்வினாவைத் தலைகீழாக்குகின்றது. கொன்றவர் எத்தரப்பினர் என்பது தொடக்கத்திலேயே ஊகிக்கப்படுகின்றது. கொல்லப்பட்டவன் யார் என்பதே துப்பறியப்படுகின்றது. பண்டாரவளைப் பகுதியில், அரசின் காவலுக்குட்பட்ட தொல்லியல் நிலத்தில், பழைய எலும்புகளிடையே அண்மைக்கால எலும்புக்கூடு ஒன்று அகப்படுகின்றது. வெளிநாட்டிலிருந்து வந்த தடயவியல் அறிஞர் அனில் திசேராவும் தொல்லியலாளர் சரத்தும் அதற்குரிய பெயரைத் தேடுகின்றனர்.

பிறநாட்டு வாசகருக்கு இந்நாவலிற் குறிப்புரை வேண்டிய இடங்கள் பல. குண்டுதாரியாற் கொல்லப்படும் சனாதிபதி கட்டுகல, 1993 மே 1ஆம் திகதி கொழும்பிற் கொல்லப்பட்ட ரணசிங்க பிரேமதாசாவை நினைவூட்டுவது வெளிப்படை, விரித்தல் வேண்டா. கண் திறக்கும் சடங்கு சற்று நின்று நோக்கத்தக்கது. ஆனந்த என்னும் கைவினைஞன் புத்தர் சிலையின் கண்களை நேரே பாராது, கண்ணாடியிற் பார்த்துத் தீட்டுபவன். ‘நேத்திர மங்கல்ய’ எனப்படும் இச்சடங்கை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்துள்ளார். (அக்கைவினைஞனுக்கு அப்பெயர் தற்செயலாக வாய்த்ததென எமக்குத் தோன்றவில்லை.) கும்பாபிடேகத்திற் பொன்னூசியால் நயனோன்மீலனம் செய்து, கண்ணாடியும் கன்றோடு பசுவும் காட்டப்படுவதைக் கண்டு வளர்ந்த நமக்கோ இஃது அயலார் வழக்கன்று. ஆசிரியர் இவ்வுறவைத் தொட்டிருப்பின் நாவலின் உலகம் சற்று அகன்றிருக்கும்.

நமது கவனத்துக்கு முதன்மையாக உரியவர் பலிபான. முதுபெருங் கல்வெட்டறிஞரான இவர், பழைய வாசகங்களுள் மறைபொருள் ஒன்றைக் கண்டதாக எழுதுகின்றார். ஆதாரம் பிறர் கண்ணுக்கு அகப்படவில்லை. மாணவராலும் கைவிடப்பட்டு, பார்வையும் இழந்து, காட்டிலே துறவியர் வாழ்ந்த இடமொன்றில் நாட்கழிக்கின்றார். இலங்கை வரலாறு கற்றோர் இவரிற் பேராசிரியர் செனரத் பரணவிதானவின் (1896–1972) சாயலைக் காண்பர். 1940 முதல் 1956 வரை தொல்லியல் ஆணையாளராயிருந்த அப்பேரறிஞர், முதுமையிற் கல்வெட்டு வரிகளுக்கிடையே நுண்ணெழுத்து வாசகங்கள் உள்ளன எனக் கூறி, அவற்றைக் கொண்டு இலங்கை–மலேசியத் தொடர்பு பற்றி 1966இல் ஒரு நூலே செய்தார். அவ்வெழுத்துக்களைப் பிறர் காணவில்லை; ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1967இல் அந்நூலைக் கடுமையாக ஆராய்ந்தெழுதினார். குருடும் காட்டுவாழ்வும் நாவலாசிரியரின் கற்பனை.

குறிப்புரை இத்துடன் நின்றுவிடின், பருத்தித்துறையிலிருந்து வாசிப்பவருக்கு அது குறையே. இங்கிருந்து சில மைல் தொலைவில், வல்லிபுர ஆழ்வார் கோயிலின் அயலிலே, 1936இல் அகப்பட்ட பொன்னேட்டை வாசித்து வெளியிட்டவரும் பரணவிதானவே. அதில் உள்ளவை நான்கு வரிகள். வசபனின் ஆட்சியில், நாகதீவை இசிகிராயன் என்னும் அமைச்சன் நிருவகித்தபோது, படகர அதனவிற் பியகுக திஸ்ஸன் விகாரை அமைத்தான் என்பது அவர் கண்ட பொருள். ஏடு மெய், எழுத்தும் கண்காண உள்ளது. அம்மொழி பழைய சிங்களமா, பௌத்தத்தோடு பரவிய பிராகிருதமா, அவ்விடப்பெயர் வல்லிபுரத்தைத்தான் குறிக்குமா என்னும் வினாக்களே ஓயாதவை. விடை எதுவாயினும், இந்நிலம் எவருடையது என்ற வழக்கில் அது உடனே சாட்சியாக இழுக்கப்படுகின்றது. பிற்கால நுண்ணெழுத்துக்களைச் சுட்டி இவ்வேட்டின் வாசிப்பையும் ஒருங்கே தள்ளிவிடுவோர் நம்மவருள்ளும் உளர். அது நேர்மையான வாதமன்று.

ஒண்டாச்சி பலிபானவின் பிழையை ஒரு தனிமனிதரின் துயரமாக்கி, அதற்கு அழகும் சேர்த்துவிடுகின்றார். கல்லில் இல்லாத வரி வரலாற்று நூலில் ஏறினால் அவ்வரி குறிக்கும் ஊரில் வாழ்வோருக்கு நேர்வது யாது என நாவல் கேட்பதில்லை. எலும்பு ஒவ்வொன்றுக்கும் நுண்ணிய சான்று தேடும் இப்படைப்பு, எழுத்தின் முன் கனிந்துவிடுகின்றது.

எலும்பை வாசிப்பதும் நமக்கு நாவற் செய்தியன்று. இந்நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டிலேதான் செம்மணியில் 15 பேரின் எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2025இல், அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கு மேற்பட்டவை வெளிவந்தன. நாவலில் ‘மாலுமி’ எனக் குறிக்கப்பட்ட எலும்புக்கூட்டுக்கு இறுதியில் றுவன் குமார என்ற பெயர் கிடைக்கின்றது. சித்துப்பாத்தியில், சிறுபிள்ளை ஒன்றின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன.