வெட்டாமல் வெட்டும் வட்டு

எழுதி, அழித்து, மீண்டும் எழுதத்தக்க டிவிடி வட்டில் செய்யும் படத்தொகுப்பின் அழகு, அங்கே எதுவும் உண்மையில் வெட்டப்படுவதில்லை என்பதில்தான் இருக்கிறது. பயனியர் நிறுவனம் 1999 இறுதியில் ஜப்பானில் வெளியிட்ட டிவிடி-ஆர்டபிள்யூ பதிவுக் கருவியும், அடுத்து வந்த பானாசோனிக்கின் டிவிடி-ராம் கருவிகளும் கையாண்ட விஆர் (வீடியோ ரெக்கார்டிங்) முறையில், பதிவான காணொளி ஒரே கோப்பில் அப்படியே கிடக்க, தொகுப்பவர் ரிமோட்டால் குறிக்கும் தொடக்கமும் முடிவும் மட்டும் ‘பிளேலிஸ்ட்’ எனும் பட்டியலில் ஏறும். படம் ஓடும்போது பட்டியலில் சேராத விளம்பரப் பகுதியை லேசர் முனை தாண்டிக் குதிக்க, முன்கூட்டியே நினைவகத்தில் சேர்ந்திருக்கும் தரவு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். சில கருவிகளில் இணைப்பிடத்தில் படம் ஒரு கணம் உறைவதும் உண்டு.

வட்டில் எழுதுவதும் அழிப்பதும் லேசரின் வெப்பத்தால்தான். அதன் பதிவுப் படலம் உருகிச் சட்டென ஆறினால் ஒழுங்கற்ற அமைப்பாகி மங்கும். மிதமாகச் சூடேறினால் படிகமாகி மீண்டும் ஒளிரும். இந்த மாற்றத்தை டிவிடி-ஆர்டபிள்யூ சுமார் 1,000 முறையும், டிவிடி-ராம் சுமார் 1,00,000 முறையும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. டிவிடி-ராமை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தரவுக்கூறுகளின் முகவரியைத் தாங்கும் நுண்குறிகள் சிறுசிறு கட்டங்களாய்ப் பளபளக்கும். மற்ற வட்டுகளின் வெற்று வானவில்லைவிட இந்தக் கோலமே கண்ணுக்கு இனியது.

மீண்டும் படத்தொகுப்புக்கு வந்தால், காணொளியைச் சுருக்கும் எம்பெக்-2 முறையில் சுமார் அரை நொடிக்குரிய சட்டகங்கள் ஒரு தொகுதியாகச் சேர்த்துச் சுருக்கப்படுவதால், தொகுதியின் நடுவில் குறித்த இடத்திலிருந்து தொடங்க, கருவி தொகுதியின் முதற்சட்டகத்திலிருந்தே விரித்துக்கொண்டு வந்து, வேண்டாதவற்றைக் காட்டாமல் மறைத்துவிடுகிறது.