சிறைக்கோட்டமும் மனித இயல்பும்

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதை ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ எனப் பெயர் பெறும். காயசண்டிகை வடிவுகொண்ட மணிமேகலை சிறையுட் புகுந்து, பசியால் வாடுவோர்க்கு அமுதசுரபியினின்று உணவளிக்கின்றாள், செய்தி கேட்ட சோழ மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவ, சிறையை அறவோர்க்குரிய கோட்டமாக மாற்றுமாறு வேண்டுகின்றாள், அவனும் இசைகின்றான். இதனை அருளறத்தின் வெற்றி எனப் பாராட்டி அமைவாரே பலர். பாராட்டு தகும், ஆயினும் அது போதாது என்பது எம் கருத்து.

சிறை என்பது மதிலும் பூட்டும் மட்டும் அன்று. மனிதனைப் பற்றிய ஒரு நம்பிக்கையும் ஆகும். தீமை ஒருவனது இயல்பிலேயே உறைகின்றது எனக் கொள்வோர் அவனை அடைத்து வைக்கும் வழியையே நாடுவர். சாத்தனார் கொள்கை வேறு. பாத்திரம் பெற்ற காதையில் தீவதிலகை, குடிப்பிறப்பையும் கல்வியையும் நாணத்தையும் ஒருங்கே அழிக்கும் பிணியாகப் பசியைக் காட்டுகின்றாள். பசியே மனிதனைத் திரிக்கின்றதாயின், திரிந்தவனுக்கு முதற்கண் வேண்டுவது சோறு. பதினொன்றாம் காதையில் விதைத்த இக்கருத்தே பத்தொன்பதாம் காதையில் நிறுவன மாற்றமாக விளைகின்றது. இவ்விரு காதைகளையும் தனித்தனியே பயில்வோர் இவ்வியைபைக் காண்டல் அரிது.

எதிர்க்கொள்கைக்குச் சான்று தேடத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே குற்றவாளியாதல் கூடும் என்னும் நம்பிக்கையைச் சட்டமாக்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது சென்னை மாகாணத்தையும் பற்றியது. கைரேகைப் பதிவும், இரவில் காவல் நிலையம் சென்று படுக்கும் கட்டாயமும் அந்நம்பிக்கை ஈன்ற பிள்ளைகள். 1920இல் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயின் அடுத்த ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. ஏடு மாறிற்று, எண்ணம் அத்துணை விரைவில் மாறவில்லை.

இனி, திருவள்ளூர் மாவட்டத்தின்பால் வருவோம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் இருளர் குடியினர் பலர் வாழ்கின்றனர். செங்குன்றத்து அரிசி ஆலைகளிலும், சுற்றுப்புறச் செங்கற்சூளைகளிலும் முன்பணத்தின் பேரால் குடும்பம் குடும்பமாகக் கொத்தடிமைப்பட்டோர் அவருள் மிகுதி. விட்டால் ஓடிவிடுவர், கடன் இருந்தாலன்றி உழையார் என்பது அம்முறையைத் தாங்கும் நம்பிக்கை. இதுவும் மனித இயல்பு பற்றிய ஒரு கோட்பாடே. ஏட்டில் எழுதப்படாத கோட்பாடு. இதற்கு மறுப்பு அதே குடியினரிடத்தேயே உளது. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபின், 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீளக் காட்டில் விடும் நுண்தொழிலை அவர் நடத்திக் காட்டினர். ஓடிவிடுவர் என்று கருதி யாரும் அங்குப் பூட்டுப் போடவில்லை.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மீட்கப்படுவோர்க்கு விடுதலைச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது; கடனும் அற்றுப்போகின்றது. ஆயினும் வீட்டு மனையோ வேலையோ கிட்டாதாயின், மருத்துவச் செலவு ஒன்றே மற்றொரு சூளையின் முன்பணத்திற்கு வழியாகிவிடும்.

இந்நிலையை உளங்கொண்டு மீண்டும் காவியத்தை நோக்குங்கால், இதுகாறும் கருத்திற் படாத ஒரு குறை புலனாகின்றது. சிறைக்கோட்டம் அறவோர்க்கு உறைவிடமாயிற்று. அங்கிருந்து விடுபட்டோர் எவ்வாறு உண்டனர், எங்கு உறைந்தனர் என்பதைச் சாத்தனார் பேசவில்லை. அமுதசுரபி கையிலிருந்த நாள் அவர் பசி தீர்ந்தது. மறுநாளைப் பற்றிக் காதை மௌனம் சாதிக்கின்றது. அம்மௌனத்தைக் காவிய ஒருமைப்பாட்டின் பொருட்டு அமைந்தது எனச் சிலர் கொள்ளலாம். யாம் அவ்வாறு கொள்ளோம். ஏனெனின், உதயகுமரன் வெட்டுண்டபின், இருபத்திரண்டாம் காதையில் அதே மன்னன் மணிமேகலையையே காவலில் வைக்கின்றான். கட்டடத்தை மாற்ற உடன்பட்ட அரசன், மக்களைப் பற்றிய தன் பழைய எண்ணத்தை மாற்றிக்கொண்டானல்லன்.